சுபேதார் கடையைப் பூட்டிய நாள்

"ஆறு நாளா எழுதுறேன் அம்மா. மனுஷன் ஒரு வரியிலயும் உட்கார மாட்டேங்கிறார்," என்றான் தளவாய்.

மடத்துச் செம்பகத்தம்மாள் கடைசித் திருநீற்று உருண்டையை உடைத்துச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, சுபேதாரா?"

"அவர்தான். போய்ப் பதினாறு நாளாச்சு. சாயங்காலம் இரங்கல் கூட்டம். முப்பது வருஷம் அவர் மருந்துக்கடையில நின்னவன், நீயே பேசுங்கிறாங்க. எனக்குப் படுத்தாத் தேவலைன்னு இருக்கு."

"எழுதினதைப் படியும்."

படித்தான். போரில் இரண்டு விரல் போனது. ஊருக்கு வந்து, இன்றுவரை ஊரில் உள்ள ஒரே மருந்துக்கடையை வைத்தது. கவுன்சிலராகி மேலத்தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தது. மனைவிக்குக் கொள்ளி வைத்த அன்றைக்கும் ஈர வேட்டியோடு வந்து ஷட்டரைத் தூக்கியது.

அவன் குரல் அவனுக்கே அலுப்பாக இருந்தது.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பிள்ளை துவண்டு கிடந்தது. அம்மாள் எழுந்து பிள்ளை நெற்றியில் நீறு பூசி, கொஞ்சம் மடித்தும் கொடுத்தாள். வந்தவள் போனாள்.

"இதோட ஏழு," என்றாள் அம்மாள்.

"என்ன ஏழு?"

"காலையிலருந்து வந்த காய்ச்சல்."

"நம்ம ஊர்ல இவ்வளவு பக்தியா? சொல்லவே இல்லையே."

"பக்தியாவது. மாத்திரை கிடைக்கலையாம்."

"எப்படிக் கிடைக்கும்? இன்னைக்குக் கடை லீவுல்லா. அவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நான்தான் பூட்டினேன். படத்துக்கு மாலை போட்டு, ஷட்டர்ல கருப்புத் துணியும் கட்டியாச்சு."

அம்மாள் சல்லடையைத் தட்டினாள்.

தளவாய் கையிலிருந்த தாளைப் பார்த்தான். கடைசி வரியில் ஈர வேட்டி இருந்தது. அதை இன்னொரு தடவை படித்தான். இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை.

"சரி, கூட்டத்துல என்ன பேசப் போறீரு?"

அவன் தாளைக் கீழே வைத்தான்.

அம்மாள் நீற்றுத் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். "இங்கேயும் தீர்ந்துபோச்சு. எட்டாவது ஆள் வந்தா என்ன சொல்ல?"

இடுப்பில் கடைச் சாவி குத்தியது. தாளை மடித்துப் பையில் வைக்கக்கூட மறந்து தளவாய் எழுந்தான்.

"அந்தப் பிள்ளைக்காரி எந்தப் பக்கம் போனா?"