வலைக்குள் பூத்த பூசணி

மருதநாயகத்துக்கு வயது அறுபத்திரண்டு. மடத்துத் தலைவி அங்கயற்கண்ணி அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர்தான் குரு, இவர்தான் சீடர்.

"எனக்குத் தீட்சை எப்போது தாயே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"கொல்லையில் பூசணிக் கொடி போட்டிருக்கிறீர்களே, அதில் ஒரு காய் பிடிக்கட்டும் ஐயா. அன்றைக்கே தருகிறேன்."

அட, இவ்வளவுதானா! மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார், எரு வைத்தார். கொடி கிடுகிடுவென்று படர்ந்து பூவும் விட்டது.

அங்கேதான் வந்தது வினை. முகர்ந்த பூவை எச்சில் என்று வீசியெறிகிற ஆசாரக்காரர் அவர். மூன்று வருஷமாக மடத்துச் சாப்பாட்டுக் கூடத்திலேயே மூலையில் திரை கட்டி, தனியாகத்தான் சாப்பிடுவார். தன் கொடியில் வண்டு வாய் வைக்கச் சம்மதிப்பாரா? பெரிய கொசுவலையாக வாங்கி வந்து கொடி முழுக்கப் போர்த்தி, சுற்றிலும் கல் வைத்து அழுத்திவிட்டார்.

பூ விரிந்தது. பிஞ்சும் தெரிந்தது. மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பதினைந்து நாளில் ஒன்றுகூடத் தங்கவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக அம்மாவைக் கொல்லைக்கு அழைத்து வந்தார்.

"என்ன குறை வைத்தேன் தாயே? ஒரு தூசு பட விட்டேனா? என் தலையெழுத்து, தீட்சையே கிடையாது போலிருக்கிறது!"

அம்மா குனிந்து பார்த்தார்.

"இந்தப் பூவுக்கு அடியில் என்ன இருக்கிறது?"

"பிஞ்சு. இது பெண் பூ."

"அந்தப் பூவில்?"

"பிஞ்சு இல்லை. நடுவில் மகரந்தம் இருக்கிறது. ஆண் பூ."

"அந்த மகரந்தம் இதில் சேராமல் காய் பிடிக்குமா?"

"பிடிக்காது தாயே."

"யார் கொண்டுவந்து சேர்ப்பது?"

வலைக்கு வெளியே ஒரு தேனீ முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மருதநாயகம் அதையே பார்த்தார்.

"எச்சில் பட்டுவிடுமே தாயே..." என்றார், பாதிக் குரலில்.

"படட்டும்."

அவர் கல்லை ஒவ்வொன்றாக நகர்த்தினார். வலையைச் சுருட்டினார். தேனீ ஆண் பூவுக்குள் இறங்கிப் புரண்டு, மஞ்சள் பூசிக்கொண்டு பெண் பூவுக்குத் தாவியது.

"இனி பிடிக்கும் தாயே!" முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. "காய் பிடித்த அன்றைக்கே தீட்சைதானே?"

"அதிலென்ன சந்தேகம்? கையோடு கூடத்துத் திரையையும் கழற்றிவிட்டு வாருங்கள் ஐயா. இன்றைக்கு உங்கள் இலை பந்தியில்."