வழுக்கி விழுந்த பரிவட்டம்

தேர்த் திருவிழாவில் ஊரே பார்த்திருக்க, கோயில் மரியாதையாகக் கட்டிய பரிவட்டம் கொண்டயங்குறிச்சி ஜமீன்தாரின் தலையிலிருந்து வழுக்கி விழுந்தது. காலையில்தான் அந்த மொட்டைத் தலையில் கிண்ணம் கிண்ணமாக எண்ணெய் தேய்த்திருந்தார். அதை அவரிடம் எவன் சொல்வான்?

"இது சதி! தவிலை அதிர அதிர அடிச்சே விழ வச்சிருக்கான்" என்று தவில்காரர் சிங்காரத்தை இழுத்துவரச் சொன்னார். "சதி இல்லேன்னு நிரூபி. இல்லேன்னா ஊரை விட்டு ஓடு!"

"சதிக்கு ஒரு தடயமும் இல்லீங்களே, எசமான்?"

"அதாண்டா ருசு! தடயமே விடாதவன்தான் பெரிய சதிகாரன்."

"அப்ப நான் இல்லீங்க. நான் தவில் அடிச்சதை ஊரே பார்த்துச்சு. குருக்கள் பரிவட்டம் கட்டினதையும் பார்த்துச்சு. தடயமே இல்லாத ஆளு இங்க நீங்க ஒருத்தர்தாங்க."

ஜமீன்தார் யோசனையோடு தலையைத் தடவினார். கையெல்லாம் எண்ணெய். அவருக்குக் கண் விரிந்தது.

"நீ போ, சிங்காரம். சதி நான் நினைச்சதைவிடப் பெரிசு. எனக்கே தெரியாம என்னையும் கூட்டுச் சேர்த்து, என் கையாலேயே எண்ணெய் தேய்க்க வச்சிருக்கானுங்க!"