எந்தப் பக்கமும் இல்லாத நொச்சி

பொற்கோட்டு நகரில் தேர் ஓடும் வீதி ஒன்றுதான். அகலம் முப்பத்திரண்டு முழம். சிவன் கோயில் தேர் பதினெட்டு முழம். பெருமாள் கோயில் தேரும் பதினெட்டு முழம். இரண்டும் ஒரே நாளில் கிளம்பும். எது முன்னால் போவது என்பதில் சாமிகள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் சார்பில் சோமாசி குருக்களும் சௌரி பட்டரும் நிறையப் பேசினார்கள்.

அதனால் ஆண்டுதோறும் குடவோலை. ஒரு பானை, இரண்டு ஓலை. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்று கையை விட்டு எடுக்க வேண்டும். அது எங்கள் பக்கமும் இல்லை, அவர்கள் பக்கமும் இல்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் அப்படி ஒரு குழந்தையைத் தேடவே நாற்பது நாள் ஆகும். கடந்த மூன்று ஆண்டாக அந்தத் தொல்லை இல்லை. அரசவையில் பணி செய்த கொற்றையனின் மகள் நொச்சி வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்து இருவரும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். அது ஏன் வெறும் நெற்றி என்று கேட்கும் அளவுக்கு அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

நான்காம் ஆண்டு, தேருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, நொச்சி இருவரையும் வீதியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள்.

"தாத்தா, சாமிகள் ரெண்டு பேரும் ஒரே தேரில் போகக் கூடாதா? இடம் இருக்குமே."

அன்று பிற்பகலே இருவரும் அரசர் நன்மாறனின் முன் நின்றார்கள். சேர்ந்து நின்றது அதுவே முதல் தடவை.

"குழந்தைக்கு ஒரு சமயமும் சொல்லித்தரவில்லை, அரசே" என்றார் குருக்கள். "தெய்வ பயம் இல்லாத பிள்ளை பொய் சொல்லும், திருடும்."

"கொற்றையா, உண்மையா?" என்றார் அரசர்.

"சோறு ஊட்டுகிறோம், எழுத்துச் சொல்லித்தருகிறோம், அடுத்தவர் பொருளைத் தொடாதே என்கிறோம். சாமியை வளர்ந்த பிறகு அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறோம், அரசே."

"வளர்ந்த பிறகா? அப்போது கேள்வி கேட்பாளே" என்றார் பட்டர்.

"இப்போதும் கேட்கிறாள்" என்றான் கொற்றையன்.

அரசர் இருவருக்கும் நல்லவராக இருக்க விரும்பியவர். ஆகவே இருவருக்கும் பிடித்த ஆணையைப் போட்டார். மூன்று நாளுக்குள் நொச்சியை ஒரு சமயத்தில் சேர்க்க வேண்டும். தவறினால் அவள் பெற்றோரை விட்டுக் குருக்கள் வீட்டில் ஆறு மாதம், பட்டர் வீட்டில் ஆறு மாதம் வளர்வாள்.

கொற்றையன் வீட்டுக்குப் போனதும் நொச்சி கேட்டாள்: "அப்பா, என்னை அனுப்பிடுவியா?"

"மாட்டேன்" என்றான். எப்படி என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு பானையையும் எடுத்துக்கொண்டு அவைக்கு வந்தான்.

"ஆணைக்குச் சம்மதம், அரசே. எந்தச் சமயம் என்பதில்தான் குழப்பம். இரண்டுமே ஒன்றை ஒன்று மிஞ்சுகின்றன."

"எங்களுடையது கொஞ்சம் கூடுதலாக" என்று குருக்கள் தொடங்க, பட்டர் பலமாக இருமினார்.

"ஓலை போட்டுவிடு" என்றார் அரசர்.

"போடலாம். எடுப்பது யார்? தன் வழக்குக்குத் தானே ஓலை எடுப்பது முறையில்லை. நொச்சியைத் தவிர இன்னொரு குழந்தை வேண்டும். நேற்று நானூற்றுப் பன்னிரண்டு வீடும் ஏறி இறங்கினேன். பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் அறுநூற்று முப்பத்தெட்டுப் பேர், இவளை விட்டு. நீறு முந்நூற்று நாற்பத்தொன்று. நாமம் இருநூற்றுத் தொண்ணூற்றேழு. நேற்றுக் காலை பிறந்த ஒன்றுக்கும் பால் கொடுக்கும் முன்பே பூசியாகிவிட்டது."

"மீதி?"

"பூஜ்யம்."

அரசர் தாடியைத் தடவினார். "அப்படியானால் நானே சொல்கிறேன். குருக்களிடம் கொடு."

"கொடுத்துவிட்டேன்" என்றான் கொற்றையன். "பட்டரே, ஆறு நாளில் தேர். நீறு பூசிய நொச்சி பானைக்குள் கை விட்டால் உங்களுக்குச் சம்மதம்தானே?"

"அது எப்படி?" பட்டர் எழுந்தேவிட்டார். "எங்களிடம் கொடுங்கள்."

"அதற்குப் பதில் இந்தத் தேரையே கொளுத்திவிடலாம்" என்றார் குருக்கள்.

பிறகு குருக்கள் தரையைப் பார்த்துச் சொன்னார்: "குழந்தை... இப்படியே இருக்கட்டுமே."

"பொய் சொல்வாளே, திருடுவாளே" என்றான் கொற்றையன்.

"சேச்சே. மூன்று வருஷமாகப் பார்க்கிறோம். தங்கமான பிள்ளை" என்றார் பட்டர்.

கொற்றையன் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஒரு சிக்கல். அடுத்த ஆண்டு இவளுக்குப் பத்து வயது முடிந்துவிடும். அடுத்த குழந்தையை இப்போதே வளர்க்கத் தொடங்க வேண்டும். குருக்களுக்கு நான்கு மாதப் பேத்தி, பட்டருக்கு ஐந்து மாதப் பேரன். இரண்டில் ஒன்றை நெற்றியைக் கழுவி வளர்த்துக் கொடுங்கள். யார் வீடு என்று நொச்சி ஓலை எடுப்பாள். அவள் கை சுத்தம் என்று இப்போதுதான் சொன்னீர்கள்."

நொச்சி முழங்கை வரை பானைக்குள் கையை விட்டிருந்தாள்.

"இரும்மா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அதற்குப் பிறகு அரை நாழிகைதான் ஆயிற்று. ஓலை எடுப்பவரின் வயது வரம்பு பத்திலிருந்து அறுபதாக உயர்ந்தது. அதுவரை நொச்சியை எந்தச் சமயத்துக்கும் யாரும் அழைக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் சேர்ந்து கையெழுத்திட்ட ஓலை பொற்கோட்டில் அது ஒன்றுதான்.

அரசர் முத்துமாலையைக் கழற்றி நொச்சியின் கழுத்தில் போட்டார். அவள் அதைச் சரி செய்துகொண்டு, குருக்களையும் பட்டரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அறுபது வயசுக்குள்ள எனக்கே ஒரு சாமியைப் பிடிச்சுப்போச்சுன்னா?"

இருவரும் கை கூப்பினார்கள்.

"வேண்டாம், தாயே" என்றார் குருக்கள்.

"கடவுள் புண்ணியத்தில் அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது" என்றார் பட்டர்.

அரசர் சிரித்து முடிக்கும்வரை அவை காத்திருக்க வேண்டியதாயிற்று.