தொட்டுப் பார்க்காத குதிரைகள்

மேகம் வாசற்படி வரை இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும் மஞ்சுமலை நாட்டை, ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால் வெற்பரசன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். அவனிடம் நாற்பது குதிரைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளக் கீழ்நாட்டிலிருந்து கொற்றப்பன் என்பவனைப் புதிதாக வரவழைத்து, லாயத்துக்குத் தலைவன் ஆக்கியிருந்தான்.

கொற்றப்பன் கெட்டிக்காரன்தான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் தன் கண்ணைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டான். வினை அங்கேதான் வந்தது, கேளுங்கள்.

கார்த்திகை பிறந்தது. மலையில் குளிர் இறங்கியது. பாதையெல்லாம் வழுக்கியதால் குதிரைகள் வெளியே போகாமல் லாயத்திலேயே நின்றன. குளிர் ஏற ஏற அவற்றின் உடம்பில் ரோமம் அடர்ந்து வளர்ந்தது. வெயிலில் வழவழவென்று மின்னும் கீழ்நாட்டுக் குதிரைகளையே பார்த்துப் பழகியவன் கொற்றப்பன். புசுபுசுவென்று உருண்டு நின்றவற்றைப் பார்த்ததும், “அடேயப்பா! சும்மா நின்னு தின்னு எப்படிக் கொழுத்துப் போச்சுங்க!” என்றான்.

அன்றே கொள்ளுத் தீனியைப் பாதியாகக் குறைத்தான்.

அவன் மனைவி வெள்ளாயி, ஆடு வளர்க்கும் வீட்டில் பிறந்த மலைநாட்டுக்காரி. “மாமா, தொட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“கண்ணு இருக்கும்போது கை எதுக்குடி?” என்றான்.

மார்கழி வந்தது. பிண்ணாக்கை அடியோடு நிறுத்தினான். “மாமா, தொட்டுப் பாத்தீங்களா?” என்று மறுபடியும் கேட்டாள். “இதென்ன உங்கப்பன் வீட்டு ஆட்டுப்பட்டியா? உன் வேலையைப் பாரு” என்றான்.

தை வந்தது. வைக்கோலிலும் கை வைத்தான். குளிர்காலத்தில் குதிரையின் உடம்புக்குச் சூடு தருவதே வயிறு முட்டத் தின்னும் வைக்கோல்தான் என்பது அந்தப் புண்ணியவானுக்குத் தெரியவில்லை. வெள்ளாயி வாயைத் திறந்தாள். அவன் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள்.

அரசனுக்கோ ஒரே சந்தோஷம். மேல்மாடத்திலிருந்து பார்த்தால் குதிரைகள் கும்மென்று தெரிகின்றன, தீனிக் கிடங்கும் நிறைந்து கிடக்கிறது. கொற்றப்பனைக் கூப்பிட்டு அவன் கையில் வெள்ளிக்காப்பு பூட்டினான்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, காவல்காரன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “மகாராசா! கொள்ளைக்காரன் கருவண்டன் கும்பலோட பள்ளத்துப் பாதையில வர்றான்! தினைக்குடிக்குத்தான் போறான்!”

தினைக்குடியில்தான் நாட்டின் தானியமெல்லாம் இருந்தது. கொற்றப்பனின் ஒரே மகள் நல்லக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அந்த ஊரில்தான். அவள் நிறைமாதக் கர்ப்பிணி.

“சேணம் கட்டு!” என்று கத்தினான் அரசன்.

கொற்றப்பன் ஓடினான். தன் செல்லப் பெண்குதிரை சாம்பியின் முதுகில் சேணத்தைப் போட்டு, வயிற்று வாரை இழுத்தான். வழக்கமான துளை தாண்டிப் போனது. அடுத்த துளையும் போனது. கடைசித் துளையும் போனது. வாரில் துளையே மிச்சமில்லை. சேணம் தொளதொளவென்று தொங்கியது.

ரோமத்துக்குள் விரலை விட்டான். சதை இல்லை. எலும்பு. விலா விலாவாக விரலில் தட்டியது. அடுத்த குதிரையைத் தொட்டான், எலும்பு. அதற்கடுத்ததைத் தொட்டான், அதுவும் எலும்பு.

ஐயோ என்றிருந்தது அவனுக்கு. சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால்? பாதி மேடு ஏறும்போதே குதிரைகள் விழும். மேலே இருப்பவர்கள் வெட்டுப்பட்டுச் சாவார்கள். தினைக்குடி எரியும். நல்லக்கா?

காப்பைக் கழற்றி அரசன் காலடியில் வைத்துவிட்டு விழுந்தான். “மகாராசா, குதிரைங்க எல்லாம் பட்டினி. பட்டினி போட்ட பாவி நான்தான்.”

அரசனின் கை வாளுக்குப் போனது. “என்னடா உளறுகிறாய்? தினமும் பார்த்தேனே! கொழுகொழுவென்று இருந்தனவே!”

“நானும் பாத்தேன், மகாராசா. எல்லாரும் பாத்தோம். ஒருத்தரும் தொடலை.”

சொன்ன மாத்திரத்தில் அவனுக்குள் ஏதோ பொறி தட்டியது. தலையைத் தூக்கினான். “கருவண்டனும் தொடமாட்டானே, மகாராசா! அவனும் தூரத்துல இருந்து பாக்கத்தானே போறான்! போற வழியில யாரும் ஏறவேணாம். மெதுவா நடத்திக்கிட்டுப் போய், பள்ளத்துப் பாதைக்கு மேல இருக்கிற உச்சிமேட்டுல வரிசையா நிறுத்துவோம். என் தலையை அப்புறம் எடுத்துக்குங்க.”

அரசன் வாளிலிருந்து கையை எடுத்தான். “நட” என்றான்.

சேணங்களை மனிதர்கள் சுமந்தார்கள். குதிரைகள் வெறும் முதுகோடு நின்று நின்று ஏறின. உச்சிமேட்டில் வரிசையாக நிறுத்திச் சேணம் பூட்டினார்கள், வீரர்கள் ஏறினார்கள். சாம்பியின் மேல் அரசனே ஏறினான். பனிமூட்டம் விலகியது.

கீழே கருவண்டன் நின்றான். அண்ணாந்து பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பியின் முன்கால்கள் வெடவெடவென்று ஆடின. இது ஒன்று விழுந்தால் போதும், குட்டு உடைந்துவிடும். கொற்றப்பன் அவள் மார்புக்கடியில் தோளை முட்டுக்கொடுத்து நின்றான். அவன் கன்னம் அவள் விலாவில் அழுந்தியது. “விழுந்துடாதே தாயி. என் மகளுக்காக, விழுந்துடாதே.” தோள் விண்ணென்று வலித்தது. கருவண்டன் இன்னும் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

பள்ளத்தில் பேசினால் மேட்டில் தெளிவாகக் கேட்கும். கருவண்டன் தன் ஆட்களிடம் கத்தினான்: “எவனோ தாயா இருந்து தீனி போட்டிருக்கான்டா! எப்படி நிக்குது பாருங்க! நம்ம குதிரைங்க இதுக்கு முன்னால நிக்குமா? திருப்புங்கடா!”

கும்பல் வந்த வழியே ஓடியது. வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள். கொற்றப்பன் மட்டும் அந்தப் பாராட்டு செருப்படியாக விழ, சாம்பியின் விலாவில் முகம் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதான்.

அரசன் இறங்கினான். முதல்முறையாகத் தன் கையை அந்த ரோமத்துக்குள் விட்டான். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

“மேல்மாடத்திலிருந்து பார்த்துக் காப்பு பூட்டியவன் நான். உன் தலையை எடுத்தால், என் தலையை யார் எடுப்பது?” என்றான். “தினமும் விடிந்ததும் ஒவ்வொரு குதிரையின் விலாவையும் தொட்டுப் பார். கூடவே நானும் வருவேன். அதுதான் நம் இருவருக்கும் தண்டனை.”

லாயத்துக்குத் திரும்பியதும் கொற்றப்பன் கொள்ளு மூட்டையை அப்படியே தொட்டியில் கவிழ்க்கப் போனான். வெள்ளாயி குறுக்கே வந்து தடுத்தாள். “பட்டினி கிடந்த வயித்துல ஒரேயடியாக் கொட்டினா செத்துப்போகும் மாமா. முதல்ல வைக்கோலும் வெதுவெதுன்னு தண்ணியும் குடுங்க. கொள்ளை நல்லா வேகவச்சு ஒரு கை, நாளைக்கு இன்னொரு கை. கொஞ்சம் உப்பும் வையுங்க.”

இந்த முறை அவன் மறுபேச்சு பேசவில்லை. “நீயும் வந்து தொட்டுப் பாத்துச் சொல்லு” என்றான்.

பங்குனியில் ரோமம் உதிர்ந்தது. சாம்பியின் வார் பழைய துளையில் வந்து நின்ற நாளில், தினைக்குடியிலிருந்து நல்லக்கா கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். கொற்றப்பன் பேரனை வாங்கி, முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விலாவைத் தடவிப் பார்த்தான்.

எதிரி கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம். ஓர் உயிருக்குப் பொறுப்பேற்றவன் அதைத் தொட்டுப் பார்த்தே தீர வேண்டும்.