சிங்கப்பூர் சுற்றிய துண்டு

சோணங்குளத்து ஆட்களைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்பாட்டிப் போங்க, நான் சொல்லத்தான் போறேன்.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. சோணங்குளத்தில் துண்டு உட்கார்ந்துவிட்டால் ஆளே உட்கார்ந்த மாதிரி. பஸ் கிளம்பிப் போய்விடும். ஆள் டீக்கடையில் நின்றுகொண்டு, தான் மதுரை போய்விட்டதாகச் சொல்வான்.

அந்த ஊர்த் தவசிக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா மச்சக்காளை ஒரே பிடியாக நின்றார். மாப்பிள்ளை சிங்கப்பூர் போய், தண்ணீர் கக்கும் சிங்கச் சிலையோடு படம் எடுத்து வரணும். இல்லாவிட்டால் பூங்கோதை கிடையாது. தவசிக்கோ அவள்மேல் உயிர். கூட்டாளிகள் மாயழகுவையும் உலகுவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். விமானத்தின் ஜன்னல் திறக்கவில்லை, அதனால் நேரில் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே சுற்றிக் காட்ட வந்த பெண் கமலினி. கேபிள் கார் வந்ததும், சட்டென்று இடம் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார்கள். மூன்று துண்டுகள் கடலுக்கு மேலே போய்விட்டு வந்தன. மூவரும் கீழே காபி குடித்தார்கள். எப்படி இருந்தது என்று அவள் கேட்டதற்கு, அவ்வளவு உயரத்தில் தலை சுற்றியதாக உலகு சொன்னான்.

அடுத்து சிங்கம். படம் எடுக்க ஒரே கூட்டம். தவசி செல்போனைக் கமலினியிடம் கொடுத்தான், சிலைக்கு முன்னால் துண்டை விரித்தான், நகர்ந்துவிட்டான்.

"அண்ணே, எங்க போறீங்க? உங்களைத்தானே எடுக்கணும்?"

"அதான் அங்க இருக்கேனே," என்றான் தவசி.

மாயழகுவுக்கு ஒரு கவலை. "துண்டு சிரிக்கலையேப்பா."

உலகு வெகுநேரம் யோசித்தான். "பொண்ணு வீட்டுக்குப் போற படம். மாப்பிள்ளை பல்லைக் காட்டக்கூடாது."

கமலினி அழாத குறையாக எடுத்துக் கொடுத்தாள்.

ஊரில் மச்சக்காளை படத்தை உற்று உற்றுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை கொஞ்சம் கசங்கியிருக்காரே."

"அங்க வெயில் ஜாஸ்திங்க மாமா."

"ம். சிங்கம் சிங்கம்தான். பொண்ணைத் தர்றேன்."

முகூர்த்த நேரம். ஐயர் தாலியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். மணையில் தவசியின் துண்டு, பக்கத்தில் பூங்கோதையின் பூப்போட்ட துண்டு. மேளக்காரர் இடத்தில் ஒன்று. மண்டபத்து நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒன்று. ஊரே முதல் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தது.

ஐயர் வெளியூர்க்காரர், பாவம். கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் இடத்தில் விரித்து, தாலியை அதன்மேல் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.