தேர் வராத தேரோட்டம்

கல்லூரியின் சினிமாத் துறைத் தலைவர் தணிகாசலத்துக்கு இயக்குநர் ஆதிமூலன் என்றால் உயிர். ஒரே ஒரு தடவை அவரோடு கைகுலுக்கியதை வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

“ஆதிமூலன் பாணியில குறும்படமா? அவர்னாலே பிரம்மாண்டம்! முதல் ஷாட்லயே தேர் வரணும். தேர் இல்லேன்னா காலேஜ் கேமராவைத் தொடக் கூடாது” என்று, கேமரா கேட்டு வந்த மாணவி மரகதவல்லியிடம் சொல்லிவிட்டார்.

ஊர்த் தேரோட்டமோ போன மாசமே முடிந்துபோயிருந்தது. அந்தக் கேமராவை விட்டால் அவளுக்கு வேறு வழியும் இல்லை.

மறுநாள் வகுப்பில், தான் வரைந்துவந்த படங்களை அவர் மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்துக் கதை சொன்னாள்.

“லைன்மேன் ஏணியில ஏறி, தெருவுக்குக் குறுக்கே போற கரண்ட் கம்பியைக் கழட்டுறார், சார். சலூன்ல ஃபேன் நிக்குது. பாதி சவரத்தோட ஒருத்தர் வாசலுக்கு ஓடி வர்றார். பால்காரர் செருப்பைக் கழட்டி ஓரமா விடுறார். தரை அதிருது. டீக்கடை கிளாஸெல்லாம் தானா ஆடுது. வெயில் மறைஞ்சு தெருவே நிழலாகுது. எல்லார் தலையும் அண்ணாந்து மேலே போகுது... இன்னும் மேலே...”

தணிகாசலத்தின் தலையும் அண்ணாந்து மேலே போனது.

“அது சரி, தேர் எங்கம்மா?” என்றார் தணிகாசலம்.

“படத்துல தேரே இல்ல, சார்.”

“தேர் இல்லாம என்ன ஆதிமூலன் பாணி?”

“அப்ப நீங்க எதைப் பார்த்து சார் கன்னத்துல போட்டுக்கிட்டீங்க?”

கன்னத்திலேயே நின்றுபோயிருந்த தன் கையைத் தணிகாசலம் அப்போதுதான் கவனித்தார். அந்தக் கையாலேயே கேமரா அலமாரிச் சாவியை எடுத்து நீட்டினார்.