மூங்கில் கூடையில் வாரிய சாம்பல்

கொல்லிமலைச் சரிவில் ஒரு சிறிய ஆசிரமம். அதை நடத்தி வந்தவர் சிவகாமசுந்தரி அம்மா; வயது நாற்பதுதான். அவருடைய சீடர்களில் மூத்தவர் தணிகாசலம். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பஜனையில் முதல் வரிசை அவருக்குத்தான். வேட்டி எப்போதும் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். ஆசையைத் துறந்தாரோ என்னவோ, கஞ்சியைத் துறக்கவில்லை.

ஒரு நாள் காலை அவர் அம்மாவிடம் வந்து நின்றார்.

“மூணு நாளா கண்ணை மூடி உட்கார முடியலைம்மா. மனசை எப்படி நிலைநிறுத்துறது?”

அம்மா எழுந்து சமையல்கட்டுக்கு நடந்தார். தணிகாசலம் பின்னால் போனார். போகப் பிடிக்காமல்தான் போனார்.

மூன்று நாளைக்கு முன், எல்லோரும் காலை பஜனையில் இருந்தபோது அங்கே தீப்பிடித்தது. விறகு அடுக்கு முழுவதும் எரிந்து சுவர் கறுத்துக் கிடந்தது. சமையல்காரி பவுனம்மாள்தான் முதலில் பார்த்துத் தனியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. விறகோரம் சாம்பல் வாரிய மூங்கில் கூடை ஒன்று கருகிக் கிடந்தது. அடுப்பு அவள் பொறுப்பு. பழியும் அவளுக்கே வந்தது.

“வாரின ஞாபகமே இல்லை. ஆனா என்னை விட்டா யாரு வாரியிருப்பா?” என்று அழுதாள். இனி அடுப்பைத் தொடவே பயமாக இருக்கிறது என்று ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்குப் பஸ்.

“அடுப்புச் சாம்பலை அள்ளுங்க,” என்றார் அம்மா.

தணிகாசலம் குந்தி உட்கார்ந்தார். சாம்பல் மேல் தண்ணீர் தெளித்தார். குச்சியால் அடிவரை கிளறினார். மறுபடியும் தண்ணீர் விட்டார். புறங்கையைக் கிட்டே காட்டிச் சூடு பார்த்தார். பிறகு இரும்பு வாளியில் அள்ளி மூடிபோட்டு, வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வேட்டியெல்லாம் கரி.

“நல்லா செய்யறீங்களே. யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

“பவுனம்மா.”

“எப்ப?”

“நான் இங்க வந்த முதல் வாரமே.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலத்தால் நிமிர முடியவில்லை.

“அன்னைக்குத் தூபக்காலுக்குக் கங்கு எடுக்க நான்தான் வந்தேன்,” என்றார். “கங்கு மேல சாம்பல் மூடியிருந்துச்சு. வாரிக் கூடையில போட்டேன்.”

“வாளி இருந்துச்சே.”

“இருந்துச்சு. வேட்டியில கரி ஒட்டும்னு...” வேட்டியில் படிந்திருந்த கரியைப் பார்த்தார். “கூடையை விறகுகிட்ட வெச்சேன். பஜனை முடியட்டும், அப்புறம் வெளிய கொட்டிக்கலாம்னு நினைச்சேன்.”

“ம்.”

“அவ கையில மருந்து போட்டது நான்தாம்மா. போடும்போது, ‘நெருப்பு விஷயத்துல இப்படி அசட்டையா இருக்கலாமா பவுனு’ன்னு கேட்டேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அறுபது வயதில் இப்படி அழ அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, மூன்று நாளாக அழாமல் இருந்தது வெட்கமாக இருந்தது.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். பவுனம்மாள் வாசலில் நின்றாள். கை இரண்டிலும் கட்டு. அவளுடைய பையை வேறொருத்தி தூக்கிக்கொண்டிருந்தாள். ஆசிரமத்தார் எல்லோரும் வழியனுப்பக் கூடியிருந்தார்கள்.

“அவகிட்ட சொல்லிடறேன்மா. கட்டாயம் சொல்லிடறேன். இப்ப எல்லாரும் நிக்கறாங்க. அவ நல்லபடியா ஊர் போய்ச் சேரட்டும். அப்புறம் விவரமா ஒரு லெட்டர் எழுதிடறேன்.”

அம்மா கதவை விட்டு விலகி அவருக்கு வழிவிட்டார்.

“கூடையைக் கீழே வெச்சப்பவும் இப்படித்தான் நினைச்சீங்க, சார்.”